விருதுகள் குவிக்கும் மும்பை உணவகங்கள்: தேர்வு நடப்பது எப்படி? பயன் யாருக்கு?

மும்பை: மத்திய மும்பையின் மகாலட்சுமி பகுதியில், சக்தி மில்ஸ் சந்தில், ஒரு காலத்தில் கம்பளி ஆலை இயங்கிய வளாகத்தில் 'மாஸ்க்' என்ற உணவகம் செயல்பட்டு வருகிறது. 'ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள்' பட்டியலில் 2025-ஆம் ஆண்டு இவ்வுணவகம் 19-ஆவது இடத்தைப் பெற்றது. அதே பட்டியலின் வழியாக, 2022 முதல் 2025 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் 'இந்தியாவின் சிறந்த உணவகம்' என்ற சிறப்பும் அதற்குக் கிடைத்தது.

மாஸ்க் மட்டுமல்ல. பாம்பே கேன்டீன், அமெரிக்கானோ, எகா ஆகிய மும்பை உணவகங்களும் வெவ்வேறு ஆண்டுகளில் அப்பட்டியலின் 51 முதல் 100 வரையிலான நீட்டிப்பில் இடம்பெற்றுள்ளன. விருது அறிவிக்கப்பட்ட மறுநாளே முன்பதிவுகள் நிரம்புவதும், 'உலகத் தரம்' என்ற சொல் விளம்பரங்களில் தவறாமல் இடம்பிடிப்பதும் வழக்கமாகிவிட்டது.

ஆனால் இந்த விருதை யார் தருகிறார்கள், எதை அளந்து தருகிறார்கள் என்பது வாடிக்கையாளர்களில் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு வேளை உணவுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. அந்த உணவகத்துக்குள் ஒருபோதும் நுழைய வாய்ப்பில்லாதவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. லடாக்கில் பழம் பறிப்பவர் முதல் சமையலறையில் வெங்காயம் நறுக்கும் பயிற்சியாளர் வரை பலரின் உழைப்பு அந்தத் தட்டில் சேர்ந்திருக்கிறது.

வாக்கெடுப்பே தேர்வு

'உலகின் சிறந்த 50 உணவகங்கள்' பட்டியல் 2002-இல் பிரிட்டனின் 'ரெஸ்டாரன்ட்' இதழால் தொடங்கப்பட்டது. அதன் ஆசியப் பதிப்பு 2013 முதல் வெளிவருகிறது. இரண்டையும் நடத்துவது வில்லியம் ரீட் என்ற பிரிட்டன் நிறுவனம்.

இதற்கு உணவகங்கள் விண்ணப்பிக்க இயலாது. ஆய்வாளர் எவரும் மதிப்பெண் தாளுடன் வருவதும் இல்லை. ஆசியாவின் பல்வேறு பகுதிகளைச் சேர்ந்த உணவு எழுத்தாளர்கள், சமையல் கலைஞர்கள், உணவக உரிமையாளர்கள், அடிக்கடி பயணம் செய்யும் உணவு ஆர்வலர்கள் என 300-க்கும் மேற்பட்டோர் பெயர் வெளியிடாமல் வாக்களிக்கின்றனர். கடந்த 18 மாதங்களுக்குள் தாங்கள் நேரில் உணவருந்திய இடங்களுக்கே அவர்கள் வாக்களிக்க முடியும். தமக்குச் சொந்தமான உணவகத்துக்கு வாக்களிக்க அனுமதியில்லை. வாக்கு எண்ணும் முறையை டெலாய்ட் நிறுவனம் சரிபார்க்கிறது.

'சிறந்த' என்ற சொல்லுக்கு இதில் வரையறை ஏதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் சுவைக்காக வாக்களிக்கலாம். மற்றொருவர் புதுமைக்காகவோ உபசரிப்புக்காகவோ வாக்களிக்கலாம். எனவே 19-ஆவது இடத்துக்கும் 30-ஆவது இடத்துக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவு பேர் அந்த நகரத்துக்குச் சென்று, அந்த உணவகத்தில் சாப்பிட்டு, அதை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதையே பெரிதும் காட்டுகிறது. இதைத் தேர்வு முடிவு என்பதைவிடத் தேர்தல் முடிவு என்பதே பொருந்தும்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. பிரான்சில் 2015-இல் 'ஆக்குபை 50 பெஸ்ட்' என்ற பெயரில் கண்டன இயக்கமே நடைபெற்றது. வாக்காளர்கள் தங்கள் உணவுக்குத் தாங்களே பணம் செலுத்தியதற்கான சான்று கேட்கப்படுவதில்லை என்பது அவ்வியக்கத்தின் முக்கியமான புகார்களில் ஒன்று. மற்றொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டு வாக்காளர்கள் எளிதில் வந்துபோகும் நகரங்களுக்கு இயல்பாகவே வாய்ப்பு அதிகம். பாங்காக், சிங்கப்பூர், ஹாங்காங், டோக்கியோ ஆகியவை பட்டியலில் நிறைந்திருப்பதற்கு அவற்றின் சமையல் வளத்தோடு விமான நிலையங்களும் ஒரு காரணம் எனலாம். இந்தியாவில் அந்த வாய்ப்பு மும்பைக்கும் தில்லிக்கும் முதலில் கிடைக்கிறது.

மிஷெலின் நட்சத்திரம் மும்பையில் இல்லை

உணவு விருது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மிஷெலின் நட்சத்திரம். டயர் நிறுவனமான மிஷெலின், வாகன ஓட்டிகளுக்காக 1900-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலே இதன் தொடக்கம். 1926-இல் நட்சத்திரம் வழங்கும் முறையும், 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலையும் வந்தன. நிறுவனத்தின் ஊதியம் பெறும் ஆய்வாளர்கள் தங்களை அடையாளம் காட்டாமல் உணவகத்துக்குச் சென்று, கட்டணம் செலுத்திச் சாப்பிட்டு மதிப்பிடுகின்றனர். மூலப்பொருள்களின் தரம், சமையல் நுட்பத்தில் தேர்ச்சி, சுவைகளின் இசைவு, சமையல் கலைஞரின் தனித்தன்மை, எல்லா நாள்களிலும் ஒரே தரம் ஆகிய ஐந்தும் அவர்களின் அளவுகோல்கள்.

இந்தியாவுக்கென மிஷெலின் வழிகாட்டி வெளிவந்ததில்லை. ஆகவே இந்தியாவில் உள்ள எந்த உணவகத்துக்கும் நட்சத்திரம் இல்லை. பல நாடுகளில் சுற்றுலா அமைப்புகளின் நிதியுதவியோடுதான் இவ்வழிகாட்டி அறிமுகமாகிறது. தாய்லாந்தின் சுற்றுலா ஆணையம் 2017-இல் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 14 கோடி பாட் ஒதுக்கிய பின்னரே பாங்காக் பதிப்பு வெளியானது.

இதனால் ஏற்படும் முரண்பாட்டை மும்பையின் ஃபோர்ட் பகுதியில் நேரில் காணலாம். கடல் உணவுக்குப் பெயர்பெற்ற 'திருஷ்ணா' உணவகம் அங்கு பல்லாண்டுகளாக இயங்குகிறது. அதன் பெயரையும் கடலோரச் சமையலையும் முன்மாதிரியாகக் கொண்டு லண்டனில் தொடங்கப்பட்ட 'திருஷ்ணா' 2012-இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. ஃபோர்ட்டில் உள்ள மூல உணவகத்துக்கு அதைப் பெறும் வழியே இல்லை. அங்கு நண்டுக்காக வருவோர் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை.

நட்சத்திரம் உணவகத்துக்கு உரியது. சமையல் கலைஞருக்கு உரியதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். துபாயில் ஹிமான்ஷு சைனி தலைமையில் இயங்கும் 'ட்ரெசிண்ட் ஸ்டுடியோ' 2025-இல் மூன்று நட்சத்திரங்களைப் பெற்று, அந்த உயரத்தை எட்டிய முதல் இந்திய உணவகமானது. அதே குழுமத்தின் 'ட்ரெசிண்ட்' மும்பையின் பாந்த்ரா-குர்லா வளாகத்திலும் உள்ளது. துபாயின் மூன்று நட்சத்திரங்கள் மும்பைக் கிளைக்குப் பொருந்தா. 'மிஷெலின் நட்சத்திர செஃப் சமைக்கும் விருந்து' என்று இந்திய நகரங்களில் வரும் விளம்பரங்களை இந்தத் தெளிவோடு படிப்பது நல்லது. நட்சத்திரம் எந்த ஊரில், எந்த உணவகத்துக்கு, எந்த ஆண்டில் கிடைத்தது என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தியர்கள் நட்சத்திரம் பெற்றது நாட்டுக்கு வெளியேதான். 2001-இல் லண்டனில் வினீத் பாட்டியாவும் அதுல் கோச்சரும் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியச் சமையல் கலைஞர்கள் ஆயினர். மும்பையில் வளர்ந்த கரிமா அரோரா, பாங்காக்கில் நடத்தும் 'கா' உணவகத்துக்காக 2018-இல் நட்சத்திரம் பெற்றார். இந்தியப் பெண் ஒருவருக்கு அது முதல் முறை. கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்தின் பாங்காக் உணவகம் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும், மீண்டும் 2025-இலும் ஆசியப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்தியச் சமையலுக்கு உலக அரங்கில் மதிப்பு இல்லை என்ற பழைய குறை தீர்ந்துவிட்டது. அந்த மதிப்பை இந்திய மண்ணிலேயே பெற முடியுமா என்பதே மும்பையின் முன்னிருந்த கேள்வி.

நட்சத்திர விடுதியிலிருந்து ஆலைக் கூடத்துக்கு

நெடுங்காலம் மும்பையில் உயர்தர விருந்து என்றால் ஐந்து நட்சத்திர விடுதி என்றே பொருள். 1903-இல் திறக்கப்பட்ட தாஜ் மஹால் விடுதி இதற்கு முன்னோடி. ஆசியப் பட்டியல் முதன்முறையாக 2013-இல் வெளிவந்தபோது மும்பையின் சார்பில் அதில் இருந்தது, அதே விடுதியில் ஜப்பானிய உணவு பரிமாறும் 'வசாபி பை மோரிமோட்டோ'. தில்லியிலிருந்து இடம்பெற்ற 'புகாரா', 'தம் புக்த்', 'வர்க்' ஆகியவையும் விடுதி உணவகங்களே.

விடுதிக்கு வெளியே தனித்து நின்று இத்தொழிலை நடத்த முடியும் என்று காட்டியவர்களில் ராகுல் அகேர்கர் முக்கியமானவர். 1999-இல் கொலாபாவில் அவர் தொடங்கிய 'இண்டிகோ' சுமார் 19 ஆண்டுகள் இயங்கி 2018-இல் மூடப்பட்டது. 2011-இல் கௌரி தேவிதயாளும் ஜெய் யூசுஃபும் அதே பகுதியில் 'தி டேபிள்' உணவகத்தைத் திறந்தனர். அதன் முதல் தலைமைச் சமையல் கலைஞரான அலெக்ஸ் சான்செஸ், பின்னர் காலா கோடாவில் 'அமெரிக்கானோ'வை நிறுவினார். ஓர் உணவகத்தில் பயின்றவர் மற்றோர் உணவகத்தை உருவாக்கும் இந்தத் தொடர்ச்சிதான் ஒரு நகரத்தின் சமையலை வளர்க்கிறது. விருதுப் பட்டியல்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

கொலாபாவிலிருந்து வடக்கே நகர்ந்த அடுத்த அலை பழைய ஆலைகளுக்குள் புகுந்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் பேர் பங்கேற்றனர். அதன் பின்னர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆலை நிலத்தைப் பொதுவெளிக்கும், குறைந்த செலவு வீடுகளுக்கும், உரிமையாளருக்கும் பகிர்ந்தளிக்க 1991-இல் வகுக்கப்பட்ட விதி, 2001-இல் திருத்தப்பட்டுச் சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. உயர்ந்த கூரையும் அகன்ற தூண் இடைவெளியும் கொண்ட ஆலைக் கூடங்கள் அலுவலகங்களுக்கும் உணவகங்களுக்கும் வசதியாக அமைந்தன. லோயர் பரேலின் கமலா மில்ஸ் வளாகம் அப்படித்தான் உணவகங்களின் தெருவாக மாறியது.

அந்த மாற்றத்தின் மற்றொரு முகத்தை 2017 டிசம்பர் 29-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நகரம் கண்டது. கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டை மாடியில் இயங்கிய இரண்டு கேளிக்கை உணவகங்களில் பரவிய தீயில் 14 பேர் உயிரிழந்தனர். விதிமீறல் கட்டுமானங்களை மாநகராட்சி இடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். விருதுப் பட்டியலில் தீத்தடுப்புக்கு மதிப்பெண் இல்லை. சமையலறைத் தூய்மைக்கும் இல்லை. அவற்றைச் சரிபார்ப்பது மாநகராட்சி, தீயணைப்புத் துறை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஆகியவற்றின் பொறுப்பு. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை ரசீதில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். விருதுக் கேடயத்தைப் பார்ப்பவர்கள் அந்த எண்ணையும் ஒருமுறை பார்க்கலாம்.

தட்டில் வந்த மாற்றம்

மாஸ்க் உணவகத்தை 2016-இல் தொடங்கியவர்கள் அதிதி துகாரும் செஃப் பிரதீக் சாதுவும். அதற்குமுன் விருந்து ஏற்பாட்டுத் தொழிலில் இருந்தவர் அதிதி. காஷ்மீரைச் சேர்ந்த சாது, அமெரிக்காவில் சமையல் கல்வி பயின்று, உலகின் முன்னணிச் சமையலறைகளில் பணியாற்றியவர். பத்து வகை உணவுகளைச் சிறு சிறு அளவில் அடுத்தடுத்துப் பரிமாறும் 'டேஸ்டிங் மெனு' மட்டுமே அங்கு உண்டு என்று அவர்கள் முடிவு செய்தபோது, மும்பையில் அது துணிச்சலான செயலாகக் கருதப்பட்டது. இது வேண்டும், அது வேண்டாம் என்று கேட்டு, வந்ததை எல்லோரும் பகிர்ந்து உண்பதே இந்திய வழக்கம். சமையலர் தருவதைத் தருகிற வரிசையில் சாப்பிடுங்கள் என்று சொல்வது, அதுவும் ஐந்து நட்சத்திர விடுதியின் துணையின்றிச் சொல்வது, எளிதன்று.

அதைவிட முக்கியமானது அவர்கள் எடுத்த மற்றொரு முடிவு. அதுவரை 'ஆடம்பரம்' என்பதற்கு இறக்குமதி என்று பொருள் இருந்தது. நார்வே சால்மன், இத்தாலிய ட்ரஃபிள் காளான், நியூசிலாந்து ஆட்டிறைச்சி ஆகியவை விலை அட்டையில் இருந்தால்தான் அது உயர்தர உணவகம். மாஸ்க் இதைத் திருப்பிப் போட்டது. லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் முட்புதர்களில் விளையும் புளிப்பான சீ பக்தார்ன் பழம், இமயமலைச் சரிவுகளில் திரட்டப்படும் கீரைகள், காளான்கள் போன்றவை அதன் தட்டுகளுக்கு வந்தன. விடுதிச் சமையலறைகளில் பெரிதும் இடம்பெறாத பொருள்கள் இவை.

2020-இல் 'கவனிக்கப்பட வேண்டிய உணவகம்' என்ற சிறப்பு விருதை ஆசியப் பட்டியல் அமைப்பு மாஸ்க் உணவகத்துக்கு அளித்தது. 2022-இல் 21-ஆவது இடம், 2023-இல் 16, 2024-இல் 23, 2025-இல் 19 என அதன் நிலை ஏறி இறங்கி வந்துள்ளது. இடையில் 2022-இல் சாது விலகினார். தொடக்க ஆண்டிலேயே இளநிலைச் சமையலராகச் சேர்ந்த வருண் தோத்லானி தலைமைப் பொறுப்பேற்றார். நிறுவனச் செஃப் விலகியதும் சரிந்துபோன உணவகங்கள் உலகெங்கும் பல உண்டு. மாஸ்க் சரியவில்லை என்பது, பட்டியலின் எந்த எண்ணையும்விட அந்தச் சமையலறையைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பாம்பே கேன்டீன் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. மும்பையில் பிறந்து நியூயார்க்கில் 'தப்லா' உணவகத்தின் மூலம் புகழ்பெற்ற ஃபிளாய்ட் கார்டோஸ், சமீர் சேத், யஷ் பனகே ஆகியோர் 2015-இல் இதைக் கமலா மில்ஸில் தொடங்கினர். பெயரிலேயே 'கேன்டீன்' என்றிருப்பது தற்செயலன்று. இங்கு மேசை விரிப்பின் மிடுக்கு குறைவு. நகரத்தின் நினைவுகள் அதிகம். மும்பையின் வில்லிங்டன் கிளப்பில் உறுப்பினர் ஒருவரின் பெயரால் வழங்கும், பாலாடைக்கட்டியும் பச்சை மிளகாயும் சேர்த்த ரொட்டி மேல் முட்டை வைத்த 'எக்ஸ் கேஜ்ரிவால்' இங்கு பிரபலமானது. ஓல்ட் மங்க் ரம்மில் ஊறிய குலாப் ஜாமூனை டோனட் வடிவில் தரும் இனிப்பும் அப்படியே. கார்டோஸ் 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் காலமானார். அவரோடு பணியாற்றிய ஹுசைன் ஷெஹ்சாத், இப்போது அக்குழுமத்தின் சமையலுக்குத் தலைமை வகிப்பதோடு, பாந்த்ராவில் 12 இருக்கைகள் மட்டுமே கொண்ட 'பாபாஸ்' உணவகத்தையும் நடத்தி வருகிறார்.

ஃபோர்ட்டின் கிதாப் மஹால் கட்டடத்தில் 2021-இல் நியதி ராவ் தொடங்கிய 'எகா'வும், மூலப்பொருளை மையமாக வைத்துச் சமைப்பதாகவே தன்னை அறிமுகப்படுத்திக் கொள்கிறது. சென்னையின் ஐடிசி கிராண்ட் சோழாவில் உருவான 'அவர்தனா' 2023-இல் ஆசியப் பட்டியலில் 30-ஆவது இடம் பெற்ற பிறகு, மும்பையின் ஐடிசி மராத்தாவிலும் திறக்கப்பட்டுள்ளது. அங்கு ரசம் தெளிந்த சாறாக வடித்துக் கண்ணாடிக் கோப்பையில் தரப்படுகிறது.

உள்ளூர் உணவுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை இந்தியாவோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் 'செம்மா' உணவகத்தில் நத்தைப் பிரட்டல் சமைக்கும் தமிழகத்தைச் சேர்ந்த விஜய்குமார், 2025 ஜூன் மாதம் ஜேம்ஸ் பியர்ட் விருதுகளில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் ஆகத் தேர்வானார். வயல் வரப்பில் பொறுக்கிய நத்தை, வறுமையின் உணவாகக் கருதப்பட்டது. அதே நத்தைதான் இப்போது மன்ஹாட்டனில் முன்பதிவு செய்து சாப்பிடப்படுகிறது.

12 இருக்கைகளின் கணக்கு

இத்தகைய உணவகங்களில் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்ற கேள்வி நியாயமானது. விடை பெரும்பாலும் தட்டுக்கு வெளியே இருக்கிறது.

விடுதியில் உள்ள உணவகத்தின் நட்டத்தை அறை வாடகை ஈடுகட்டும். தனி உணவகத்துக்கு அந்த வசதி இல்லை. மும்பையின் வாடகையை, ஓர் இரவில் ஒன்று அல்லது இரண்டு முறை மட்டுமே நிரம்பும் இருக்கைகளிலிருந்து எடுத்தாக வேண்டும். டேஸ்டிங் மெனுவில் எத்தனை பேர் வருவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதால் உணவு வீணாவது குறையும். ஆனால் முன்பதிவு செய்தவர் வராவிட்டால் அந்த இருக்கையின் வருமானம் முழுவதும் போய்விடும். முன்பணம் கேட்கும் வழக்கம் பரவியதற்குக் காரணம் இதுவே.

வரியமைப்பும் இதில் பங்கு வகிக்கிறது. 2017 நவம்பர் முதல் தனி உணவகங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு இல்லை. அதாவது, உணவகம் தன் வாடகைக்குச் செலுத்தும் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியாது. அச்சுமை உணவின் விலைக்குள் மறைந்துவிடுகிறது. அறைக் கட்டணம் 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட விடுதிகளின் உணவகங்களில் வரி 18 சதவீதம். அங்கு வரி வரவு உண்டு. இறக்குமதி ஒயினுக்குச் சுங்க வரியும், அதன்மேல் மாநில வரிகளும் சேர்கின்றன.

வாடிக்கையாளர் அறிய வேண்டிய மற்றொன்று சேவைக் கட்டணம். ஒருவரின் உணவு 5,000 ரூபாய் என்றால், தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 250 ரூபாய். 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்தால் மேலும் 500 ரூபாயும், அதன் மீது 25 ரூபாய் வரியும் கூடும். இந்த 500 ரூபாய் அரசு வரி அன்று. சேவைக் கட்டணத்தைத் தானாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச் 28-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார். சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. விருது பெற்ற உணவகம் என்பதால் இதில் விலக்கு ஏதுமில்லை.

சமையலறையில் இருப்பவர்கள்

இந்திய தேசிய உணவகச் சங்கத்தின் 2024 அறிக்கையின்படி நாட்டின் உணவுச் சேவைத் துறையின் மதிப்பு சுமார் 5.69 லட்சம் கோடி ரூபாய். சுமார் 85 லட்சம் பேர் இதில் பணிபுரிகின்றனர். விருதுப் பட்டியலில் இடம்பெறும் உணவகங்கள் இந்தக் கடலில் சில துளிகளே. இருந்தும் அவற்றின் செல்வாக்கு அளவைவிடப் பெரியது. மாஸ்க் அல்லது பாம்பே கேன்டீனில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர் வேறு நகரத்தில் எளிதாக வேலை பெறுகிறார். சிலர் சொந்த உணவகமும் தொடங்குகின்றனர்.

அதே வேளையில், இந்த உயரத்தில் நிற்பதற்கான செலவு குறித்து உலக அளவில் விவாதம் நடக்கிறது. உலகின் சிறந்த உணவகமாக ஐந்து முறை தேர்வான டென்மார்க்கின் 'நோமா', தன் வழக்கமான சேவையை 2024 இறுதியோடு நிறுத்தப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. நிதி அடிப்படையிலும் மனித உழைப்பின் அடிப்படையிலும் இந்த முறை நீடிக்கத்தக்கதன்று என்று அதன் நிறுவனர் ரெனே ரெட்செப்பி காரணம் கூறினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு வரை அங்கு பயிற்சியாளர்கள் ஊதியமின்றியே வேலை செய்தனர். ஐந்து முறை முதலிடம் பெற்ற உணவகத்தின் நிலை இது என்றால், மும்பையில் ஒரு தட்டில் 12 நுண்ணிய வேலைப்பாடுகளைச் செய்யும் கைகளுக்கு எவ்வளவு ஊதியம், எத்தனை மணி நேர வேலை என்று கேட்பது அநாகரிகம் ஆகாது. விருது அமைப்புகள் அதைக் கேட்பதில்லை.

விளைவிப்போர் நிலையும் இதேபோன்றதுதான். ஓர் உணவகத்தின் தேவை ஒரு சிற்றூரின் விளைச்சலை வாங்கிவிடாது. ஆனால் சீ பக்தார்ன் பழத்துக்கோ அருகிவரும் ஓர் அரிசி ரகத்துக்கோ நிலையான ஒரு வாங்குபவர் கிடைப்பதும், அதன் பெயர் விலை அட்டையில் அச்சாவதும் மற்ற சமையலறைகளையும் அந்தப் பொருளைத் தேடவைக்கிறது. காட்டிலிருந்து திரட்டப்படும் பொருள்களில் இது இருமுனைக் கத்தி: தேவை கூடினால் வளம் குறையும். பறிக்கும் பருவத்தையும் அளவையும் உள்ளூர் மக்களே முடிவு செய்யும் இடங்களில்தான் அது நிலைக்கும்.

பட்டியலின் பார்வை மெல்ல மெல்லப் பெருநகரங்களைத் தாண்டவும் தொடங்கியுள்ளது. மாஸ்க்கிலிருந்து விலகிய பிரதீக் சாது, இமாசலப் பிரதேசத்தின் கசௌலி அருகே மலைச்சரிவில் 16 இருக்கைகளோடு 'நார்' என்ற உணவகத்தை 2023-இல் தொடங்கினார். பெங்களூருவின் புறநகர்ப் பண்ணையில் இயங்கும் 'ஃபார்ம்லோர்' உணவகத்தோடு அதுவும் 2025-ஆம் ஆண்டு நீட்டிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. விமான நிலையத்திலிருந்து மலைப்பாதையில் பயணம் செய்து அங்கு சாப்பிட்டு வர வாக்காளர்கள் முன்வந்திருக்கிறார்கள் என்பதே மும்பைக்கு வெளியே சமைப்பவர்களுக்கு இதிலுள்ள செய்தி.